அன்புக்கு எந்தச் சாயல்? டயானா சிலையும் மக்கள் எதிர்வினையும்

லண்டன் கென்சிங்டன் அரண்மனையில், தரைமட்டத்திலிருந்து படிப்படியாகக் கீழிறங்கும் ‘சன்கன் கார்டன்’ என்ற தோட்டத்தில், 2021 ஜூலை 1 அன்று வேல்ஸ் இளவரசி டயானாவின் வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. அவர் உயிரோடு இருந்திருந்தால் அன்று அவருக்கு 60 வயது நிறைந்திருக்கும். மகன்கள் வில்லியமும் ஹாரியும் சேர்ந்து திரையை விலக்கினார்கள். பெருந்தொற்றுக் காலம் என்பதால் டயானாவின் உடன்பிறந்தவர்களும் சிலைப் பணியோடு தொடர்புடைய சிலரும் மட்டுமே அழைக்கப்பட்டிருந்தார்கள். படங்கள் வெளிவந்த உடனேயே கருத்துகள் இரண்டாகப் பிளந்தன. தாயின் கனிவு அப்படியே தெரிகிறது என்று ஒரு சாரார் நெகிழ்ந்தார்கள். முகம் அவருடையது போலவே இல்லை, உடை பொருந்தவில்லை, உயிர் இல்லை என்று மற்றொரு சாரார் வருந்தினார்கள். கலை விமர்சகர்கள் சிலர் இன்னும் கடுமையாக எழுதினார்கள். மக்கள் மனமார நேசித்த ஒருவருக்கு, அவருடைய பிள்ளைகளே முன்னின்று, தேர்ந்த சிற்பியைக் கொண்டு செய்வித்த சிலை ஏன் எல்லோர் மனத்திலும் ஒட்டவில்லை? சிற்பியின் கைத்திறன் குறைவு என்பது எளிதில் தோன்றும் பதில். நேசிக்கப்பட்டவர்களின் சிலைகள் எல்லாமே முதலில் திட்டு வாங்கும் என்பது அதைவிட எளிய பதில். இரண்டும் போதாது. பதவியின் தாங்குதல் இல்லாமல் அன்பால் மட்டுமே நினைக்கப்படும் ஒருவருக்குச் சிலை வைக்கும்போது, அந்த அன்பைப் பிறப்பித்த குறிப்பிட்ட செயலை அது காட்ட வேண்டும். டயானா சிலை அந்தச் செயலை விட்டுவிட்டுப் பொதுவான ஒரு குறியீட்டைத் தேர்ந்தது. எதிர்வினைகளின் பிளவு அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் சிலையைப் பார்ப்போம். டயானா மறைந்து 20 ஆண்டுகள் நிறைந்த 2017ஆம் ஆண்டில் வில்லியமும் ஹாரியும் இந்தச் சிலையை அறிவித்தார்கள். சிற்பி இயன் ரேங்க்-பிராட்லி. 1998 முதல் 2015 வரை பிரிட்டிஷ் நாணயங்களில் இடம்பெற்ற இரண்டாம் எலிசபெத்தின் முகத்தை வடித்தவர் அவர்தான். ஸ்டாஃபர்ட்ஷயரில் உள்ள ஆயுதப் படைகளின் நினைவகத்துச் சிற்பங்களும் அவருடையவை. அரசு சார்ந்த நினைவுச் சிற்பத்தில் அனுபவம் உள்ளவர் என்பதில் ஐயமில்லை. சிலை இயல்பான உருவத்தைவிடச் சற்றே பெரியது. கழுத்து திறந்த சட்டை, அகன்ற பெல்ட், பாவாடை, குட்டையான தலைமுடி. டயானா நிற்கிறார், இரு பக்கமும் இரண்டு குழந்தைகள், பின்னால், முதல் பார்வைக்குச் சட்டெனத் தெரியாத மூன்றாவது குழந்தை. உடையும் தோற்றமும் அவருடைய கடைசிக் காலத்தைச் சேர்ந்தவை. மக்கள் பணியில் தன்னம்பிக்கை பெற்ற பருவத்தைக் காட்டும் நோக்கில் அது தேர்ந்தெடுக்கப்பட்டதாக அரண்மனை விளக்கியது. குழந்தைகள் மூவரும் யாரையும் தனித்துக் குறிப்பவர்கள் அல்லர். அவருடைய பணி எல்லோருக்கும் உரியது, தலைமுறைகளைத் தாண்டியது என்பதன் அடையாளம் என்றும் சொல்லப்பட்டது. சுற்றியுள்ள தோட்டம் 4,000க்கும் மேற்பட்ட பூச்செடிகளோடு புதிதாக அமைக்கப்பட்டது. டயானாவுக்குப் பிடித்த ‘ஃபர்கெட்-மீ-நாட்’ மலர்களும் அவற்றில் உண்டு. இந்த விவரங்களில் ஒன்றுகூட அலட்சியத்தால் நேர்ந்ததல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணமும் அக்கறையும் இருக்கின்றன. அப்படியானால் குறையை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

தேடலை 1997இல் தொடங்க வேண்டும். அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று பாரிசில் நடந்த கார் விபத்தில் டயானா இறந்தபோது அவருக்கு வயது 36. அடுத்த ஒரு வாரத்தில் பிரிட்டன் அதுவரை கண்டிராத ஒன்று நடந்தது. கென்சிங்டன் அரண்மனை வாயிலில் மக்கள் தாமாகவே மலர்களைக் கொண்டுவந்து குவித்தார்கள். கடிதங்கள், மெழுகுவர்த்திகள், கரடி பொம்மைகள் சேர்ந்தன. இரங்கல் ஏட்டில் கையெழுத்திட மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அரசி எலிசபெத் ஸ்காட்லாந்தின் பால்மோரல் மாளிகையிலேயே தங்கியிருந்தார். பக்கிங்ஹாம் அரண்மனையில் கொடி அரைக்கம்பத்தில் பறக்கவில்லை. இரண்டும் மக்களின் கோபத்துக்கு ஆளாயின. செப்டம்பர் 5 அன்று அரசி தொலைக்காட்சியில் நேரடியாகப் பேசினார். மறுநாள் இறுதிச் சடங்கின்போது வழக்கத்தை மீறி அரண்மனையில் கொடி அரைக்கம்பத்தில் பறக்கவிடப்பட்டது. துக்கம் காக்கும் முறையை அரண்மனை மக்களுக்குக் கற்றுத்தரும் மரபு அந்த ஒரு வாரத்தில் தலைகீழானது. நினைவுச் சின்னம் என்று பார்த்தால், டயானாவுக்கான முதல் சின்னம் அந்த மலர்க்குவியல்தான். அதை எந்தக் குழுவும் திட்டமிடவில்லை, எந்தச் சிற்பியும் வடிக்கவில்லை. அதில் ஒவ்வொருவருக்கும் பங்கு இருந்தது. 24 ஆண்டுகள் கழித்து வந்த சிலையை மக்கள் வெற்று மனத்தோடு எதிர்கொள்ளவில்லை. தாங்களே எழுப்பிய நினைவுச் சின்னத்தின் உரிமையாளர்களாக எதிர்கொண்டார்கள். தங்கள் டயானா இதில் இருக்கிறாரா என்று அவர்கள் பார்த்ததில் வியப்பில்லை.

அரச குடும்பத்தவரின் சிலைகள் எல்லாமே இந்தச் சோதனைக்கு ஆளாவதில்லை என்பது கவனிக்கத் தக்கது. பக்கிங்ஹாம் அரண்மனைக்கு எதிரே 1911இல் திறக்கப்பட்ட விக்டோரியா நினைவகத்தில் அரசி அமர்ந்திருக்கிறார். அவருடைய முகம் உண்மையில் அப்படித்தான் இருந்ததா என்று இன்று யாரும் கேட்பதில்லை; அன்றும் அது முதன்மையான கேள்வியாக இருக்கவில்லை. கிரீடம், செங்கோல், அரியணை, நீண்ட அங்கி ஆகியவை அந்தச் சிலையின் பெரும்பாரத்தைத் தாங்குகின்றன. பார்ப்பவர் காண்பது ஓர் ஆட்சியை. கென்சிங்டன் அரண்மனையின் முன்னாலேயே இன்னொரு விக்டோரியா சிலையும் இருக்கிறது. பளிங்கில் செய்யப்பட்ட அந்தச் சிலை 1893இல் திறக்கப்பட்டது; வடித்தவர் விக்டோரியாவின் மகள் லூயிஸ். டயானா சிலையோடு ஒப்பிட இதைவிடப் பொருத்தமான ஒன்று கிடைக்காது. இரண்டும் பிள்ளைகள் தாய்க்கு எடுத்தவை. இரண்டும் ஒரே அரண்மனை வளாகத்தில் இருப்பவை. ஆனால் லூயிஸ் தன் தாயைத் தாயாகக் காட்டவில்லை. தான் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முந்தைய, முடிசூட்டு அங்கி அணிந்த இளம் அரசியாகக் காட்டினார். மகளின் அன்பு அரசப் பதவியின் பின்னால் ஒதுங்கிக்கொண்டது. அதனால் சிலை பாதுகாப்பாக நின்றது. டயானாவின் பிள்ளைகளுக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. 1996 மணவிலக்குக்குப் பிறகு டயானாவுக்கு ‘ஹர் ராயல் ஹைனஸ்’ என்ற மதிப்பு அடைமொழி இல்லை. அரியணை அவருக்கு என்றுமே இருந்ததில்லை. மக்கள் அவரை நேசித்ததும் அரண்மனைச் சடங்குகளுக்காக அல்ல, அவற்றை அவர் மீறிய விதத்துக்காக. கிரீடத்தை வைத்திருந்தால் அது பொய்யாகியிருக்கும். வைக்காததால், சிலையின் முழுப் பாரமும் முகத்தின் மேலும் நிலையின் மேலும் வந்து விழுந்தது.

இடைப்பட்ட ஒரு வழியும் இருந்திருக்கிறது. எலிசபெத்தின் தாயான அரசிக்கு 2009இல் ‘தி மால்’ சாலையருகே திறக்கப்பட்ட நினைவகத்தைப் பாருங்கள். பிலிப் ஜாக்சன் வடித்த வெண்கலச் சிலை அவரை கார்டர் விருது அங்கியில், சடங்குக்குரிய தோரணையில் காட்டுகிறது. பக்கங்களில் பால் டே செய்த புடைப்புச் சிற்பங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில், இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு ஆளான கிழக்கு லண்டன் குடும்பங்களிடையே அவர் நிற்கிறார். இன்னொன்றில் குதிரைப் பந்தயத்தில் மகிழ்ந்திருக்கிறார். அந்த நினைவகத்தில் சிலை பதவியைச் சொல்கிறது. புடைப்புச் சிற்பங்கள் வாழ்க்கையைச் சொல்கின்றன. பிரிட்டன் மக்கள் அவரை எதற்காக நினைத்தார்களோ, போர்க்காலத்தில் லண்டனை விட்டுப் போகாமல் இருந்தது, சிரிப்பு, குதிரைகள், அவை அப்படியே காட்சிகளாக இருக்கின்றன. வருகிறவர் தன் நினைவுக்கு ஒத்த காட்சியைத் தேடிக்கொள்ள இடம் இருக்கிறது. ஒரே முகம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்ற கட்டாயத்தை அந்த நினைவகம் சிலையின் மேல் சுமத்தவில்லை.

டயானாவின் முகத்துக்கு வேறொரு தனிச் சிக்கலும் உண்டு. தம் காலத்தில் மிக அதிகமாகப் புகைப்படம் எடுக்கப்பட்டவர்களில் அவர் ஒருவர். மக்கள் அவரை அறிந்தது ஆயிரக்கணக்கான கணங்களாக: தலையைச் சற்றுத் தாழ்த்தி மேல்நோக்கிய பார்வை, கட்டுப்படுத்த முடியாமல் வரும் சிரிப்பு, குழந்தையை நோக்கி ஓடிவரும் கைகள். சாயல் ஒரு முகத்தில் உறைந்து கிடப்பதில்லை. ஓர் அசைவிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதில்தான் அது பிடிபடுகிறது. வெண்கலம் ஒரு கணத்தை மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும். புகைப்படமும் ஒரு கணம்தான். ஆனால் அதற்குப் பக்கத்தில் இன்னும் ஆயிரம் படங்கள் உண்டு. சிலை தனியாக நிற்க வேண்டும். முகம் அவருடையது போலவே இல்லை என்ற குறை எழுந்தது இதனால்தான் என்று நான் கருதுகிறேன். முக அளவுகளை எடுத்துப் பார்த்தால் சிலை பெரிதும் தவறியிருக்காது. பார்ப்பவர் மனத்தில் ஓடும் படவரிசையில் எந்தக் கணத்தோடும் அது பொருந்தவில்லை என்பதே உண்மையான குறை. அந்தப் படங்களை எடுத்த முறைக்கும் ஒரு கசப்பு உண்டு. 2008இல் லண்டனில் முடிந்த மரண விசாரணையில் நடுவர் குழு, டயானாவின் காரை ஓட்டியவரும் பின்தொடர்ந்த வாகனங்களின் ஓட்டுநர்களும் காட்டிய பெரும் அலட்சியத்தால் நேர்ந்த சட்டவிரோத மரணம் என்று தீர்ப்பளித்தது. பின்தொடர்ந்தவர்கள் புகைப்படக்காரர்கள். அவரை மக்களுக்கு நெருக்கமாக்கிய அதே கேமராக்கள் அவரைத் துரத்தவும் செய்தன. இந்தச் சூழலில் அமைதியான, யாரும் துரத்தாத ஒரு டயானாவை மகன்கள் விரும்பியது முழுக்க நியாயமானது. நம் கேள்வி, அந்த அமைதியை எந்த வடிவத்தில் தேடினார்கள் என்பது.

சிலையின் அடிப்படைத் தேர்வு இங்குதான் வருகிறது. டயானாவை ஏன் மக்கள் நேசித்தார்கள் என்பதற்குச் சான்று தேடினால், அது குறிப்பிட்ட சில செயல்களில் கிடைக்கும். 1987 ஏப்ரலில் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கான பிரிவைத் திறந்துவைத்தபோது, கையுறை அணியாமல் ஒரு நோயாளியோடு கைகுலுக்கினார். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சம் வீடுகளையும் வேலையிடங்களையும் பிடித்திருந்த காலம் அது. அந்த ஒரு கைகுலுக்கல், மருத்துவர்கள் பல முறை சொல்லியும் எட்டாத இடங்களை எட்டியது. 1997 ஜனவரியில் அங்கோலாவில் கண்ணிவெடிகள் அகற்றப்பட்டுவந்த நிலத்தில், கவச உடையும் முகத்தடுப்பும் அணிந்து நடந்தார். அதே ஆண்டு டிசம்பரில் ஒட்டாவாவில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கை கையெழுத்தானபோது அவர் உயிரோடு இல்லை. ஆனால் அந்தப் பிரச்சினையை உலகத்தின் கண்முன் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர். நோயுற்ற குழந்தைகளைப் பார்க்கப் போனால் கட்டிலில் அமர்ந்து, கண்ணும் கண்ணும் நேருக்கு நேர் இருக்கும்படி குனிந்து பேசுவார். இந்தச் செயல்கள் அனைத்துக்கும் பொதுவான ஒன்று உண்டு: அரச குடும்பத்தவர் எவ்வளவு தொலைவில் நிற்க வேண்டும் என்று மரபு வகுத்திருந்ததோ, அந்தத் தொலைவை அவர் உடலால் குறைத்தார். குனிதல், தொடுதல், அமர்தல் ஆகியவையே அவருடைய மொழி.

சிலையில் அவர் நிமிர்ந்து நிற்கிறார். குழந்தைகள் அவரை அண்டி நிற்கிறார்கள். அவர் பார்வை அவர்கள் மேல் இல்லை, எதிரே இருக்கிறது. பாதுகாப்புத் தேடி வந்தவர்களைத் தன் மேலங்கிக்குள் அணைத்துக்கொள்ளும் கன்னி மரியாவின் உருவம் ஐரோப்பிய தேவாலயக் கலையில் பழைய மரபு. டயானா சிலையின் அமைப்பு அதைத்தான் நினைவூட்டுகிறது. அந்த மரபில் அன்னை உயரமானவள், அண்டியவர்கள் சிறியவர்கள், அவர்களுக்குப் பெயரோ வரலாறோ தேவையில்லை. டயானாவின் நற்பண்பு எதற்காகப் பேசப்பட்டதோ அதற்கு நேர்மாறான அமைப்பு இது. தொலைவைக் குறைத்தவரை மறுபடியும் உயரத்தில் வைத்துவிட்டது. அடுத்து, குழந்தைகள் யாரையும் குறிக்காததால் பார்ப்பவர் தடுமாறுகிறார். இவர்கள் மகன்களா, நோயாளிகளா, அகதிகளா? விளக்கக் குறிப்பைப் படித்த பிறகே புரிகிறது. கண்ணிவெடியால் காலை இழந்த ஒரு சிறுவனுக்குப் பக்கத்தில் தரையில் அமர்ந்திருக்கும் டயானா என்றால் விளக்கக் குறிப்பே தேவைப்பட்டிருக்காது. எல்லோருக்கும் பொதுவானதைச் சொல்ல விரும்பி எல்லாத் தனித்தன்மைகளையும் அகற்றிவிட்டால், மிஞ்சுவது யாருக்கும் உரித்தாகாத ஒரு நல்லெண்ணம். மக்கள் உயிர் இல்லை என்று சொன்னது இந்த வெறுமையைத்தான் என்று நான் கொள்கிறேன்.

டயானாவுக்காக எழுந்த மற்ற நினைவுச் சின்னங்களை இந்த வெளிச்சத்தில் வரிசைப்படுத்திப் பார்த்தால் வாதம் இன்னும் தெளிவாகும். 2000ஆம் ஆண்டில் கென்சிங்டன் தோட்டத்தில் பெரிய மரக் கப்பலோடு கூடிய சிறுவர் விளையாட்டுத் திடல் அவர் பெயரில் திறக்கப்பட்டது. அதில் டயானாவின் உருவம் எதுவும் இல்லை. நாள்தோறும் குழந்தைகளின் கூச்சல் இருக்கிறது. அதன் பெயர்ப் பொருத்தம் பற்றி யாரும் கேள்வி எழுப்பவில்லை. 2004 ஜூலை 6 அன்று ஹைட் பார்க்கில் அரசி திறந்துவைத்த நினைவு நீரூற்று வேறு மாதிரி. அமெரிக்க நிலவடிவமைப்பாளர் கேத்ரின் குஸ்டாஃப்சன் வடிவமைத்தது. கார்ன்வால் கருங்கல்லின் 545 துண்டுகளால் ஆனது. செலவு 36 லட்சம் பவுண்டு. மேட்டிலிருந்து நீர் இரு பக்கமும் பிரிந்து, ஒரு பக்கம் அமைதியாகவும் மறுபக்கம் குதித்தும் ஓடி, கீழே ஒரு குளத்தில் சேர்கிறது. திறந்த சில நாள்களிலேயே இலைகள் அடைத்து நீர் பெருகியது. இரண்டே வாரத்தில் மூன்று பேர் வழுக்கி விழுந்து காயமடைய, நீரூற்று மூடப்பட்டது. செய்தித்தாள்கள் அதைப் பெருந்தோல்வி என்று எழுதின. ஆனால் மக்கள் ஏன் வழுக்கினார்கள் என்று யோசிக்க வேண்டும். அவர்கள் அதைத் தள்ளி நின்று பார்க்கவில்லை. நீரில் இறங்கினார்கள், குழந்தைகளை இறக்கினார்கள். நினைவுச் சின்னத்தைத் தொடலாம் என்ற அழைப்பை அவர்கள் உடனே ஏற்றுக்கொண்டார்கள். வழுக்காத தரை அமைத்து, ஓரத்தில் அமர்ந்து கால் நனைக்கலாம் என்ற ஏற்பாட்டோடு அது மீண்டும் திறக்கப்பட்டது. இன்றும் கோடையில் அங்கே கூட்டம் குறைவதில்லை. முகமே இல்லாத அந்த நீரூற்று, டயானாவின் தொடுதலை நினைவூட்டும் வேலையைச் சிலையைவிட நெருக்கமாகச் செய்கிறது.

பாரிசில் கிடைக்கும் சான்று இன்னும் வலுவானது. விபத்து நடந்த ஆல்மா சுரங்கப்பாதைக்கு மேலே தங்க நிறச் சுடர் ஒன்று நிற்கிறது. அமெரிக்காவின் சுதந்திர தேவி சிலை கையில் ஏந்தியிருக்கும் தீப்பந்தச் சுடரின் முழு அளவுப் படி அது. பிரான்சு-அமெரிக்க நட்பின் அடையாளமாக 1989இல் வைக்கப்பட்டது. டயானாவுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் 1997 செப்டம்பரிலிருந்தே மக்கள் அதன் அடியில் மலர் வைத்தார்கள், கடிதங்களை ஒட்டினார்கள், அதையே அவருடைய நினைவகமாக ஆக்கிக்கொண்டார்கள். அஞ்சலி செலுத்த உருவ ஒற்றுமை தேவையே இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நிகழ்வோடு தொடர்புள்ள ஓர் இடமே போதும். இதற்கு மறுகோடியில் லண்டன் ஹாரட்ஸ் கடையில் 2005இல் அதன் அப்போதைய உரிமையாளர் முகமது அல் ஃபாயத் வைத்த சிலை இருக்கிறது. டயானாவும், அவருடன் விபத்தில் இறந்த அல் ஃபாயத்தின் மகன் டோடியும் ஒரு பெரிய கடற்பறவையின் சிறகின்கீழ் கைகோத்து ஆடும் காட்சி அதில் இருந்தது. உருவங்கள் இருந்தன, கதையும் இருந்தது. ஆனால் அது ஒரு தந்தையின் கதை. டயானாவைப் பற்றி மக்கள் வைத்திருந்த நினைவில் அந்தக் காட்சிக்கு இடம் இல்லை. 2018இல் அது அகற்றப்பட்டு அல் ஃபாயத்திடமே திருப்பித் தரப்பட்டது; பொதுமக்களிடமிருந்து பெரிய எதிர்ப்பு எழவில்லை.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படக்கூடியவற்றில் முதலாவது, உரிமை பற்றியது. தாயை இழந்தபோது வில்லியமுக்கு 15 வயது, ஹாரிக்கு 12. அவர்கள் தங்கள் தாய்க்கு, தாங்கள் வளர்ந்த வீட்டின் தோட்டத்தில், தனியார் நன்கொடையில் ஒரு சிலை வைத்தார்கள். அதைக் குறை சொல்ல ஊருக்கு என்ன வேலை? இந்தக் கேள்வியில் நியாயமான வலி இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் தாயின் சவப்பெட்டிக்குப் பின்னால் உலகத்தின் முன் நடக்க வேண்டியிருந்தது. துக்கத்தைத் தனியாக அனுபவிக்கும் உரிமை அவர்களுக்கு அன்றே மறுக்கப்பட்டது. ஆனால் டயானாவின் தனிப்பட்ட நினைவுக்கு வேறோர் இடம் ஏற்கெனவே உண்டு. அவர் பிறந்த குடும்பத்துக்குச் சொந்தமான ஆல்தார்ப் தோட்டத்தில், ஓர் ஏரியின் நடுவிலுள்ள தீவில் அவர் புதைக்கப்பட்டிருக்கிறார். அங்கே பொதுமக்கள் கால் வைக்க முடியாது, அதைப் பற்றி யாரும் தீர்ப்பு சொல்வதும் இல்லை. கென்சிங்டன் சிலை அப்படிப்பட்டதல்ல. அரண்மனைக்கு வருகிறவர்கள் அவருடைய வாழ்வையும் அவர் விட்டுச்சென்றதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற விருப்பத்தோடுதான் மகன்கள் அதை நிறுவினார்கள். ஆக, இந்தச் சிலை மக்களை நோக்கிப் பேச வைக்கப்பட்டது. பேச அழைத்த பிறகு பதிலைக் கேட்டே ஆக வேண்டும். மகன்களின் அன்பைக் கேள்வி கேட்க யாருக்கும் உரிமை இல்லை. சிலையின் வடிவத்தைக் கேட்க உண்டு.

இரண்டாவது எதிர்வாதம் காலத்தை நம்புகிறது. எந்த நினைவகமும் திறந்த அன்று பிடிக்காது, ஐம்பது ஆண்டு போனால் ஊரின் செல்லப் பிள்ளையாகிவிடும் என்பது அது. எடுத்துக்காட்டாகக் காட்டப்படுவது அதே கென்சிங்டன் தோட்டத்தில் உள்ள ஆல்பர்ட் நினைவகம். விக்டோரியாவின் கணவர், 1861இல் இறந்த ஆல்பர்ட்டுக்காக ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்தது, 1872இல் திறக்கப்பட்டது, சிலை சில ஆண்டுகள் கழித்தே பீடம் ஏறியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் விக்டோரியா காலத்து அலங்காரங்கள் எல்லாமே ரசனைக் கேடு என்று ஒதுக்கப்பட்டபோது இந்த நினைவகமும் இகழப்பட்டது. பிறகு ரசனை மாறியது. 1990களில் பெரும்பொருள் செலவிட்டுப் புதுப்பித்து, 1998இல் ஆல்பர்ட் மறுபடி பொன்னொளியோடு வெளிப்பட்டார். உண்மைதான், காலம் பலவற்றை மன்னிக்கிறது. ஆனால் காலம் மன்னித்தது எதை என்று பார்க்க வேண்டும். ஆல்பர்ட்டை நேரில் அறிந்தவர்கள் எவரும் மிஞ்சாத பிறகு, அந்த நினைவகம் ஒரு காலத்தின் கலைக்குச் சாட்சியாக மதிக்கப்பட்டது. அவரைப் பற்றிய அன்பின் வடிவமாக அல்ல. டயானாவை நினைவில் வைத்திருப்பவர்கள் இறந்த பிறகு கென்சிங்டன் சிலையும் அப்படி மதிக்கப்படலாம். அது நேசித்தவர்களின் குறைக்குப் பதில் ஆகாது. இன்னொன்று: ஆல்பர்ட்டும் டயானாவைப் போலவே சொந்த அரியணை இல்லாதவர். அவர் கையில் சிற்பி வைத்தது செங்கோல் அல்ல, 1851 பெருங்கண்காட்சியின் விவரப் புத்தகம். ஆல்பர்ட் முன்னின்று நடத்திய பணி அது. அவ்வளவு அலங்காரத்தின் நடுவிலும் அந்தப் புத்தகம் அவர் யார் என்று சொல்லிவிடுகிறது. எதிர்வாதத்துக்காகக் கொண்டுவரப்படும் எடுத்துக்காட்டே செயலைக் காட்டு என்ற என் வாதத்துக்குத் துணை நிற்கிறது.

மூன்றாவது எதிர்வாதம் மிகவும் கனமானது. குறை சொன்னவர்கள் விமர்சகர்களும் இணையத்தில் படம் பார்த்தவர்களும்தான். நேரில் வந்த எளிய மக்கள் நெகிழ்ந்து நின்றார்கள், கண்ணீர் விட்டார்கள், மலர் வைத்தார்கள். அவர்களுடைய கண்ணீர் பொய்யா? நிச்சயமாக இல்லை. அவர்களுடைய எதிர்வினையை ரசனை அறியாதவர்களின் எதிர்வினை என்று ஒதுக்குவது அநியாயம் மட்டுமல்ல, ஆய்வுக்கும் தவறு. ஆனால் அவர்கள் நெகிழ்ந்ததற்கு ஊற்று எங்கே இருக்கிறது? அவர்கள் டயானாவை மனத்தில் சுமந்து வந்தார்கள். அந்த நினைவை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைத்தது. ஆல்மா சுரங்கப்பாதைச் சுடரின் முன்னால் அழுதவர்களும் அப்படித்தான் அழுதார்கள். கோயில் மூலவரின் கல்லுருவில் பக்தர் காண்பது தான் கொண்டுவந்த தெய்வத்தை என்பது போல, இங்கும் பார்ப்பவரின் அன்புதான் வெண்கலத்துக்கு முகம் தந்தது. இந்த உண்மை அந்த மக்களின் பெருமை. சிலையின் சாதனையாக அதை எழுதிக்கொள்ள முடியாது. உண்மையான சோதனை அடுத்த தலைமுறைக்கு. 1997க்குப் பின் பிறந்த ஒருவர், டயானாவைப் பற்றி எதுவும் தெரியாமல் அந்தத் தோட்டத்தைச் சுற்றி நடந்தால், அந்தப் பெண் குழந்தைகளுக்கு அன்பானவர் என்று அறிவார். அதற்கு மேல் எதையும் அறிய மாட்டார். எய்ட்ஸ் நோயாளியின் கையைப் பற்றிய துணிவோ, கண்ணிவெடி நிலத்தில் வைத்த அடியோ அவருக்குத் தெரியவராது. நினைவில்லாதவருக்கு நினைவைத் தருவதுதான் நினைவுச் சின்னத்தின் கடமை என்றால், சிலை அதைப் பாதிதான் செய்கிறது.

இந்தப் பாடம் டயானாவோடு முடிந்துவிடவில்லை. 2024 செப்டம்பரில் வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் நகரத் தோட்டத்தில் மறைந்த அரசி எலிசபெத்தின் வெண்கலச் சிலை வந்தபோது, முகம் அவருடையதே அல்ல என்று ஊர் மக்களே குறைப்பட்டுக்கொண்டார்கள். அருகில் நிற்கும் கோர்கி நாய்கள் மட்டும் நன்றாக இருக்கின்றன என்றார்கள். 70 ஆண்டுகள் நாணயத்திலும் அஞ்சல்தலையிலும் தினமும் பார்த்த முகத்துக்கே இந்த நிலை என்றால், முகச்சாயலை மட்டும் நம்பி நினைவகம் அமைப்பது எவ்வளவு அபாயமானது என்று தெரிகிறது. லண்டன் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் எலிசபெத்துக்கான தேசிய நினைவகத்தை வடிவமைக்க 2025இல் ஃபாஸ்டர் அண்ட் பார்ட்னர்ஸ் நிறுவனம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்தத் திட்டத்தில் சிலையோடு கூட மக்கள் நடந்து கடக்கும் ஒரு பாலமும் தோட்டங்களும் உண்டு. கையில் பூவோடு வருகிறவருக்கு அங்கே செய்ய ஏதாவது இருக்கும் என்ற அளவில் அது நல்ல தொடக்கம்.

நேசிக்கப்பட்ட ஒருவருக்கு நினைவுச் சின்னம் எழுப்புகிறவர்கள், மக்களின் எதிர்ப்பைக் கண்டு அஞ்சியோ அதை ரசனைக் குறைவு என்று ஒதுக்கியோ பயனில்லை. அது, நேசம் எதைப் பற்றிக்கொண்டிருக்கிறது என்பதைக் காட்டும் சான்று. சிலை வைப்பதானால் அவர் செய்த ஒரு செயலை, அதன் இடமும் காலமும் மாறாமல் காட்டுங்கள்; முடியாது என்றால் மக்கள் அமரவும் தொடவும் விளையாடவும் ஓர் இடத்தை அவர் பெயரில் கொடுங்கள். டயானா சிலை குறையற்ற அன்பால் எழுந்தது. ஆனால் அவரை மக்கள் ஏன் நேசித்தார்கள் என்று தெரியாத ஒருவருக்கு அதைச் சொல்ல அதனால் முடியவில்லை. அந்த வேலையை இன்றுவரை விளையாட்டுத் திடலும் நீரூற்றும்தான் சிறப்பாகச் செய்துவருகின்றன.